மீனை நிறுத்த வேண்டுமா?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இயங்குகின்றன. தாய்நாடு சென்று திரும்பும் அந்நாட்டினர், உடன் பணிபுரிவோருக்குக் கடற்பாசித் தாள், உலர்மீன் போன்றவற்றை அன்பளிப்பாகத் தருவதுண்டு. ‘அணு உலை நீரைக் கடலில் விட்ட நாட்டின் உணவை நோயாளிக்குத் தரலாமா? நம் கடல்மீனையும் நிறுத்திவிடலாமா?’ என்ற ஐயம் பராமரிப்போருக்கு எழுவது இயல்பே.

2011 மார்ச்சில் சுனாமியால் புகுஷிமா அணுமின் நிலையம் சிதைந்தது. அங்குத் தேங்கிய நீரைச் சுத்திகரித்து, கடல்நீர் கலந்து, 2023 ஆகஸ்டு 24 முதல் பசிபிக் பெருங்கடலில் விடுகின்றனர். சுத்திகரிப்பில் நீங்காத கதிரியக்கப் பொருள் டிரிட்டியம். வெளியேற்றும் நீரில் அது லிட்டருக்கு 1,500 பெக்கெரலுக்குக் கீழ் இருக்க வேண்டும். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவோ 10,000 பெக்கெரல்.

உணவில் முக்கியமாகச் சோதிக்கப்படுவது சீசியம். ஜப்பானில் அதன் வரம்பு, பொது உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கெரல். பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50. இந்தியாவில் விற்பனைக்காக இறக்குமதியாகும் உணவு, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அனுமதி பெற்றே சந்தைக்கு வர வேண்டும். நம் கடற்கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள கடல்நீர், மீன், பால் ஆகியவற்றின் மாதிரிகளை அங்குள்ள சுற்றுச்சூழல் ஆய்வகம் தொடர்ந்து சோதித்து வருகிறது.

ஆகவே, கதிரியக்க அச்சத்தால் மட்டும் மீனை நிறுத்த வேண்டியதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையிலும் அறுவைக்குப் பின்னும் உடல் தேறப் புரதம் தேவை. அதை எளிதில் தரும் மீனை விலக்கினால், உண்மையான இழப்பு நோயாளிக்கே.

எனினும், வேறு காரணங்களால் சிலர் கவனமாக இருக்க வேண்டும். கடற்பாசியில் அயோடின் மிகுதி. தைராய்டு நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே உண்க. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு ஆயத்தமாவோர், மருத்துவர் குறிப்பிடும் நாட்களில் கடலுணவைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் உலர்மீனின் உப்பையும் கடற்பாசியின் பொட்டாசியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கீமோதெரபி பெறுவோர் பச்சை மீனைத் தவிர்த்து, நன்கு வெந்ததையே உண்ண வேண்டும்.

கடையில் வாங்கும்போது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, ஆணையத்தின் உரிம எண், காலாவதித் தேதி ஆகியன உள்ளனவா எனப் பாருங்கள். அன்பளிப்புப் பொட்டலத்தில் இவை இராது. அதைப் பிரிக்கும் முன் நம் உணவியல் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.