சரக்கு இருப்பைக் கற்பிக்கும் ஓர் ஆட்டம்

ஒரு வாரம் சர்க்கரை இல்லையென்று கடையில் கையை விரிப்பதும், அடுத்த மாதம் அதே சர்க்கரை மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கசிந்து போவதும் கிராமங்களில் நாம் காணாத காட்சியன்று. கடைக்காரரின் கவனக் குறைவே காரணமென எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். அது எவ்வளவு தூரம் சரி என்பதை, அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணாக்கர் ஆடிவரும் ஓர் ஆட்டம் விளக்குகிறது.

பேராசிரியர் ஜே பாரஸ்டரின் குழுவினர் 1960-க்களில் இதை அமைத்தனர். முன்பு பலகையும் காய்களும் கொண்டு ஆடினர்; இன்று கணிப்பொறியிலும் ஆடுகின்றனர். ஆட்டத்தின் சரக்கு பீர் என்னும் மதுபானம். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அரிசி மூட்டையென்று வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது.

சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர். ஒவ்வொருவரும் வாரந்தோறும் தமக்கு மேலுள்ளவருக்குத் தேவையை எழுதியனுப்ப வேண்டும். தம்முள் பேசலாகாது. எழுதிய சரக்கு கடைக்கு வந்திறங்கக் குறைந்தது நான்கு வாரங்களாகும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலரும், கொடுக்க இயலாது பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலரும் செலவு.

கடையில் வாரம் 4 பெட்டி விற்கிறது. ஐந்தாம் வாரம் அது 8 ஆகிறது. பிறகு கடைசிவரை 8 தான். நடந்தது இவ்வளவே. ஆயினும் இருப்புக் குறையக் கண்ட கடைக்காரர் சற்று மிகுத்து எழுதுகிறார். சரக்கு வரக் காணோம், மறுபடியும் எழுதுகிறார். முன்னர் எழுதியது வழியில் வந்துகொண்டிருப்பதை மறந்துவிடுகிறார். அதைப் பார்த்து மொத்த வியாபாரி இன்னும் மிகுத்து எழுதுகிறார். ஆலையை எட்டும்போது சிற்றலை பேரலையாகி விடுகிறது. பின்னர் யாவும் ஒருங்கே வந்து குவிகின்றன.

1989-இல் ஜான் ஸ்டெர்மன் வெளியிட்ட ஆய்வில், ஆடியவர்களுக்கு ஆன செலவு, ஆகவேண்டியதைப்போல் சராசரி 10 மடங்கு இருந்தது. அவர்களுள் பட்டப்படிப்பு மாணாக்கரும் உண்டு, கம்பெனி நிர்வாகிகளும் உண்டு. வாடிக்கையாளரின் தேவையை வரைந்து காட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஏறி இறங்கும் கோட்டையே வரைகின்றனர். உண்மையில் இருந்தது ஒரே ஒரு படி.

கணிப்பொறியில் பல மாத வியாபாரம் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். கடையின் விற்பனையை நால்வருக்கும் காட்டி மீண்டும் ஆடச் செய்து, இரு செலவுகளையும் ஒப்பிடலாம்.

ஆனால் இவ்வாட்டத்தில் சரக்குக் கெடுவதில்லை. அரிசிக்கு வண்டும் வெங்காயத்துக்கு அழுகலும் உண்டு; தக்காளி தேங்கினால் அரை டாலரோடு போகாது, முதலே போய்விடும். உணவுப் பொருளுக்கு இதைக் கற்பிப்போர் அந்த நஷ்டத்தையும், முன் வந்ததை முதலில் விற்கும் வழக்கத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். நம் கூட்டுறவுப் பண்டகசாலையின் இருப்புப் புத்தகத்தில் ‘எழுதியது, இன்னும் வராதது’ என்றொரு பத்தி கீறிக்கொள்வதற்கோ கணிப்பொறி வேண்டியதில்லை. அளவுகோலும் பென்சிலும் போதும்.