ஆறாத புண்ணும் தோல் புற்றுநோயும்

உடலின் உறுப்புகளுள் எப்போதும் கண்ணுக்குப் புலனாகும்படி அமைந்தது தோல். ஆகவே தோலில் தோன்றும் புற்றுநோயை, உள்ளுறுப்புகளில் தோன்றும் புற்றுநோயைவிட முன்னதாகவே கண்டுகொள்ள இயலும். கருவி எதுவும் இன்றி ஐயத்திற்குரிய இடத்தைப் பார்க்கவும் தொட்டறியவும் முடியும். அவ்வாறிருந்தும் நம் நாட்டில் இந்நோயாளிகள் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைகின்றனர். நெடுநாளைய புண்தானே என்று களிம்பு தடவிக் காலம் கடத்துவது இதற்கு முக்கியமான காரணமாகும். எந்தப் புண் ஐயத்திற்குரியது, அந்த ஐயத்தை எவ்வாறு தீர்ப்பது, பின்னர் எத்தகைய சிகிச்சைகள் உண்டு என்பனவற்றைக் கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

மூவகைப் புற்று

தோலின் மேலடுக்கு நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. அடிவரிசையிலுள்ள அணுக்கள் இடைவிடாது பெருகுகின்றன. புதிய அணுக்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, தட்டையாகி, இறுதியில் செதில்களாக உதிர்கின்றன. இவற்றினிடையே மெலனின் என்னும் கருநிறப் பொருளை உண்டாக்கும் அணுக்களும் உள்ளன. அணுக்களின் பெருக்கம் கட்டுப்பாட்டை இழக்கும்போது புற்று தோன்றுகிறது.

அடிவரிசை அணுக்களை ஒத்த புற்று பெரும்பாலும் முகத்தில் உண்டாகும். அது மெதுவாக வளரும். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. எனினும் கவனியாமல் விட்டால் கண்ணிமையையும் மூக்கையும் அரித்துவிடும். தட்டையான செதிலணுக்களில் தோன்றும் புற்று, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது. நிறமி அணுக்களில் தோன்றும் மெலனோமா மிகக் குறைவாகவே காணப்படினும் மூன்றினுள் மிகக் கொடியது.

வெண்ணிற மக்களிடையே இந்நோய்க்குத் தலையாய காரணம் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள். நம்மவரின் தோலிலுள்ள மெலனின் இக்கதிர்களைப் பெரிதும் தடுப்பதால், இந்தியாவில் தோல் புற்று ஒப்புநோக்கக் குறைவு. ஆனால் மெலனின் தரும் பாதுகாப்பு வெயிலுக்கு மட்டுமே பொருந்தும். பிற காரணங்களால் விளையும் புற்றை அது தடுப்பதில்லை.

நம் நாட்டில் காணும் காரணங்கள்

காஷ்மீர மக்கள் குளிர்காலத்தில் காங்கிரி என்னும் கணப்பைப் பயன்படுத்துகின்றனர். பிரம்பு போன்ற மிலாறுகளால் பின்னிய கூடையினுள் ஒரு மண்சட்டி. அதில் கனலும் கரி. நீண்ட அங்கியினுள் வயிற்றையும் தொடையையும் ஒட்டி இதனை வைத்துக்கொள்வர். பல்லாண்டுகள் வெப்பம் பட்ட தோலில் முதலில் வலை போன்ற கருமை படிகிறது. சிலருக்கு அவ்விடத்தில் செதிலணுப் புற்று தோன்றுகிறது. காஷ்மீரத்தில் பணியாற்றிய எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866ஆம் ஆண்டிலேயே இந்நோயைப் பற்றி எழுதினார். வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதால் ஓரிடமே ஓயாமல் உராய்ந்து, அங்குப் புற்று உண்டாவதைப் பம்பாயைச் சேர்ந்த கானோல்கரும் சூர்யாபாயும் 1945ஆம் ஆண்டில் விவரித்தனர்.

இவ்விரண்டிலும் பொதுவாக உள்ளது, ஓரிடத்தில் நெடுங்காலம் நீடிக்கும் ஊறு. இதே முறையில் பழைய தீக்காயத் தழும்பிலும் புற்று தோன்றலாம். குழந்தைப் பருவத்தில் தீப்பட்டவருக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் இது நேரலாம். தொழுநோயால் உணர்ச்சியற்றுப்போன பாதத்தில் ஆண்டுக்கணக்கில் ஆறாதிருக்கும் புண், எலும்புச் சீழ் வழியும் துளை ஆகியவையும் இவ்வகையில் கவனிக்கத்தக்கவை.

குடிநீரில் கலந்துள்ள ஆர்சனிக் நஞ்சு மற்றொரு காரணம். மேற்கு வங்காளத்தில் இதனால் தோல் பாதிக்கப்பட்டோர் 1983ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டனர். உடலில் மழைத்துளி தெறித்தாற்போன்ற புள்ளிகளும், உள்ளங்கை, உள்ளங்காலில் மரு போன்ற தடிப்புகளும் இதன் அடையாளங்கள். ஆண்டுகள் பல சென்றபின் இவற்றில் புற்று உண்டாகக்கூடும். மெலனோமாவோ கருநிறத் தோலினரிடம் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலுமே தோன்றுகிறது.

ஐயத்திற்குரிய அடையாளங்கள்

தக்க முறையில் கட்டுக் கட்டியும் ஒரு மாதத்திற்குள் ஆறத் தொடங்காத புண்ணை மருத்துவர் பார்த்தே தீரவேண்டும். பழைய தழும்பு புதிதாக வெடித்தல், புண்ணின் விளிம்பு தடித்துச் சுருண்டு எழும்புதல், காலிப்பூப்போல் சதை வளர்தல், தொட்டவுடன் குருதி கசிதல், கெட்ட நாற்றம் ஆகியவை அபாயக் குறிகள். உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி அகன்றுவரும் கரும்புள்ளியும், நகத்தில் நீளவாட்டில் ஓடி அகலும் கருங்கோடும் ஐயத்திற்குரியவை. தொடக்க நிலையில் வலி இராமலிருக்கலாம். ஆதலால் வலியில்லை என்பதைக் கொண்டு தீங்கில்லை என முடிவு செய்தல் தவறு.

நோயை உறுதிப்படுத்தல்

கண்ணால் கண்டு ஐயுறலாமேயன்றி, புற்று என உறுதி கூற முடியாது. புண்ணின் விளிம்பிலிருந்து சிறு சதைத்துண்டை எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்வதே உறுதியான வழி. இடத்தை மரத்துப்போகச் செய்து சில நிமிடங்களில் இதனைச் செய்துவிடலாம். பெரிய தழும்பாயின் பல இடங்களிலிருந்து துண்டுகள் எடுக்கப்படும். ஓரிடத்தில் எடுத்த துண்டில் புற்று இல்லாமல் அடுத்த இடத்தில் இருக்கக்கூடும். மெலனோமா என ஐயுற்றால், இயலுமிடத்துப் புள்ளி முழுவதையுமே அகற்றி, புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்று அளப்பர்.

‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்னும் அச்சம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. இது பிழையான எண்ணம். முற்றிய நிலையில் அறுவை செய்துகொண்டோர் பின்னர் மடிவதைக் கண்டவர்கள், நோயின் பழியைக் கத்தியின்மேல் சுமத்தினர். சோதனைக்கு அஞ்சி இழக்கும் மாதங்களே உண்மையில் உயிருக்குக் கேடு விளைவிக்கின்றன.

சிகிச்சை முறைகள்

இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை அறுவையே. புற்றைச் சுற்றிலும் நல்ல தோலில் ஒரு சிறு விளிம்பைச் சேர்த்து அகற்றுவர். அடியணுப் புற்றுக்கும் செதிலணுப் புற்றுக்கும் சில மில்லிமீட்டர் போதுமானதாகலாம். மெலனோமாவுக்கு, அதன் ஆழத்தைப் பொறுத்து, பொதுவாக ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வேண்டும். குறை பெரிதாயின் உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவர். கண், மூக்கு முதலிய இடங்களில் அடுக்கடுக்காகச் சீவி, ஒவ்வோர் அடுக்கையும் உடனுக்குடன் நுண்ணோக்கியால் சோதிக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் மோஸ் 1930களில் உருவாக்கினார்.

அறுவைக்கு உடல் இடங்கொடாத முதியவர்களுக்கும், அறுவைக்குப்பின் எஞ்சிய அணுக்களை அழிப்பதற்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை பயன்படுகிறது. மேற்பரப்பிலேயே நிற்கும் சிறு புற்றுகள் சிலவற்றைத் திரவ நைட்ரஜனால் உறையச் செய்தும், மருந்துக் களிம்புகளாலும் குணப்படுத்தலாம். பரவிய மெலனோமாவுக்கு, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலையே தூண்டிவிடும் மருந்துகள் 2011ஆம் ஆண்டு முதல் வழக்கத்திற்கு வந்துள்ளன. இவை சிலருக்கு நீண்ட ஆயுளை அளித்துள்ளன. ஆனால் விலை மிக அதிகம்.

எம்முறையைக் கையாளலாம் என்பதைப் புற்றின் வகை, இடம், பரவல் ஆகியவற்றோடு நோயாளி வந்து சேரும் காலமும் தீர்மானிக்கிறது. காலிலுள்ள தழும்பில் புற்று சிறிதாயிருக்கும்போது வந்தவருக்குப் புற்றை அகற்றித் தோல் ஒட்டினால் போதும். எலும்பை அரித்தபின் வந்தவருக்குக் காலையே எடுக்க நேரிடலாம்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வீடுதோறும் செல்லும் ஊழியர்கள், தீக்காயத் தழும்பு உடையோரையும் நாட்பட்ட புண் உடையோரையும் குறித்துவைத்து, அவ்விடங்களை அவ்வப்போது பார்த்துவர வேண்டும். ஐயமேற்படின் களிம்பு கொடுத்து அனுப்பாமல், சதைச் சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். செலவை எண்ணித் தயங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு, 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் உதவி கிடைக்குமா என விசாரித்துச் சொல்லுதலும் பெருந்தொண்டாகும்.

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய குழந்தைகள் இரு வகையினர்: பிறவியிலேயே நிறமி குன்றி வெளிறிய தோலுடன் இருப்போர், வெயில் பட்ட இடமெல்லாம் இளவயதிலேயே புள்ளிகள் நிறையும் பரம்பரை நோயுடையோர். இவர்களுக்கு வெயிலே கொடிய பகை. உடற்பயிற்சி வேளையில் நிழலில் இருக்க விடுதலும், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் குடையும் கொண்டுவர இசைதலும் இவர்களுடைய உயிரைக் காக்கும் செயல்களாகும். இத்தகைய குழந்தையை மருத்துவரிடம் ஆண்டுதோறும் பலமுறை காட்டிவருமாறு பெற்றோருக்கு எடுத்துரைப்பதும் ஆசிரியரின் கடமையேயாகும்.