நடுவிலிருந்து ஒரு சொல்

பாலக்காட்டுக் கல்பாத்தியில் ஒரு சாயங்காலம். அக்கிரகாரத்துத் திண்ணையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினான். பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னடா கண்ணா?" என்றேன். அவன் பார்வை என் விரலுக்கு வரவில்லை. முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லை வாயால் தேடினான். அதுவரை அவன் படிக்கவில்லை, ஒப்பித்திருக்கிறான்.

ஸகஸ்ரநாமத்தைக் காதால் கேட்டே பாடம் பண்ணும் தெரு இது. அந்தத் திறமைதான் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டை இங்கே வருஷக்கணக்கில் மறைத்துவிடுகிறது. பிறகு வெளிப்படும்போது சிலர் சோம்பேறி என்பார்கள். இரக்கமுள்ளவர்கள், "வீட்டில் தமிழ், ஸ்கூலில் மலையாளம், கூடவே இங்கிலீஷ், குழம்புகிறான், தானே சரியாகிவிடும்" என்பார்கள். இந்த இரண்டாவது பேச்சைக் கண்டால்தான் எனக்கு அதிகப் பயம். அது நல்ல மனசோடு காலத்தைத் தின்றுவிடும்.

1896-இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வாசிக்க வராத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். டிஸ்லெக்சியா அறிவுக் குறைவும் இல்லை, கண் கோளாறும் இல்லை. பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் உள்ள சிரமம் அது. பல மொழி பேசுவதால் வருவதில்லை, குடும்பவழியில் வரும். "அவன் அப்பாவும் லேட்டாத்தான் படிச்சான்" என்று பாட்டி சொன்னால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு தடயம்.

மலையாளம் புதிதாக இருப்பதால் மட்டும் தடுமாறும் பிள்ளையும் உண்டு. அதனால் வீட்டுமொழியில் கேட்டுப் பாருங்கள். இதற்கு எழுத்தே வேண்டாம். "'கல்'லில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'ப்' போட்டால் என்ன?" 'பல்' என்று வராமல் எட்டு வயதிலும் திணறினால், வாசிப்பும் எல்லா மொழியிலும் இடறினால், காத்திருக்காதீர்கள்.

சொல்லிக்கொடுக்கும் முறை நமக்குப் புதிதில்லை. விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி விரலைப் பிடித்து எழுதவைக்கிறோமே, அதைத் தினமும் இருபது நிமிஷம் செய்யுங்கள். எழுதும்போதே ஒலியை உரக்கச் சொல்லவேண்டும். 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, காதில் விழுவதோ முதலில் 'க்'. 'கடல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. நமக்கு இது பழகிப்போச்சு. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் தனியாக, வரிசையாகப் பிரித்துக் காட்டவேண்டும். ஒன்று உறுதியான பிறகே அடுத்தது. மனப்பாடமான பாடத்தை விட்டு, படமில்லாத புதுச் சொற்களைக் கொடுங்கள். கதைகளை மட்டும் நீங்களே படித்துக் காட்டுங்கள், வாசிப்பு தாமதமானாலும் விஷயம் தெரியாமல் போகக்கூடாது.

நூறு தடவை இம்போசிஷன் எழுதவைப்பதால் கையும் மனசும்தான் நோகும். நிறக் கண்ணாடி, கண் பயிற்சி என்று பணம் செலவழிக்கவும் வேண்டாம். அவை பலன் தருவதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள்.

இனி சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் டிஸ்லெக்சியாவும் அடங்கிய கற்றல் குறைபாடும் ஒன்று. இங்கே அலுவலகங்களில் 'படன வைகல்யம்' என்பார்கள். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துத் தகுந்த முறையில் கற்பிப்பது பள்ளியின் கடமை என்கிறது 16-ஆம் பிரிவு. அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது.

ஆகவே தலைமையாசிரியரிடம் வாயால் சொல்லி நிறுத்தாமல் மனுவாகக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். பி.ஆர்.சி. எனப்படும் வட்டார வள மையத்தின் சிறப்புக் கல்வியாளரைக் கேளுங்கள். பரிசோதனைக்கு நம் மாவட்டத்திலேயே ஷொர்ணூரில் 'ஐகான்ஸ்' நிறுவனம் இருக்கிறது. இடுக்கியின் மூணாறு, மறையூர்த் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அங்கே வர அலைச்சல் அதிகம். அவர்களுக்கு பி.ஆர்.சி.தான் முதல் படி.

குறைபாட்டுக்கான சான்றிதழை மாவட்ட மருத்துவக் குழு தரும். 2018-இன் மத்திய அரசு வழிகாட்டுதலில் எட்டு வயதுக்கு மேல் பரிசோதனை, 14-லும் 18-லும் மறுபரிசோதனை என்று இருந்தது. தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் எழுதித் தர ஆளும் இந்தச் சான்றிதழைக் கொண்டுதான். இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். ஆனால் 40 இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எழுதித் தரும் ஆளை மறுக்கக்கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி கைவிரித்தால் திருவனந்தபுரத்தில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். அன்றைக்குக் கையில் இருக்கவேண்டியது அந்த முத்திரை போட்ட நகல்.