உப்புத் தண்ணீருக்குக் காந்தம்: விற்கும் முன் யோசிப்போம்



குழாயின் மேல் மாட்டினால் போதும், உப்பு படியாது என்று சொல்லிக் காந்தக் கருவிகளைக் கடை கடையாகக் கொண்டு வருகிறார்கள். கமிஷனும் தாராளம். வாங்கி அடுக்கும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்துள்ளன. காய்ச்சும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் பாத்திரத்தில் படிகிறது. டீ பாய்லரிலும் ஹீட்டர் காயிலிலும் நாம் காணும் வெள்ளைப் படிவு இதுதான். படிவு ஏற ஏறக் கரண்டும் கேஸும் கூடுதலாகச் செலவாகும். காயிலும் சீக்கிரம் எரிந்துபோகும்.

காந்தம் இந்தக் கால்சியத்தை எடுப்பதில்லை. கால்சியம் இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டாது. உப்பின் படிக வடிவம் மாறி, குழாயில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும் என்பதே விற்பவர்கள் வாதம். 1945-லேயே பெல்ஜியத்தில் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. ஆய்வுக்கூடச் சோதனைகள் சிலவற்றில் மாற்றம் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அமெரிக்க ராணுவப் பொறியியல் படையின் ஆய்வுக்கூடம் கருவி பொருத்தியும் பொருத்தாமலும் சோதித்து, 2001-ல் அறிக்கை தந்தது. படிவு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு.

எங்கள் அனுபவமும் அதுவே. கிடங்கு டீ பாய்லரின் குழாயில் ஒன்றை மாட்டினோம். நான்கு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் பழைய கனத்திலேயே படிவு. அதற்குள் பன்னிரண்டு கருவிகளைச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டிருந்தோம். அத்தனையையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்தோம். எங்களுக்கு விற்றவர் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை.

அப்படியானால் வழி என்ன? கடினத்தன்மையை உண்மையிலேயே நீக்குவது ரெசின் நிரப்பிய சாஃப்ட்னர். அதற்கு அவ்வப்போது உப்புக் கரைசல் விட வேண்டும். சிறு கடைக்கும் வீட்டுக்கும் நம் கடையிலுள்ள எலுமிச்சை உப்போ வினிகரோ போதும். கரண்டை நிறுத்தி, வெந்நீரில் கலந்து ஊறவைத்துக் கழுவினால் படிவு கரைந்துவிடும். பிளீச்சிங் பவுடரை மட்டும் இதனுடன் சேர்க்கவே கூடாது; நச்சு வாயு கிளம்பும் என்று வாடிக்கையாளரிடமும் சொல்லுங்கள்.

காந்தம் விற்க வருபவரிடம், பலன் இல்லையென்றால் பணம் வாபஸ் என்று எழுதிக் கேளுங்கள். தயங்கினால் சரக்கை இறக்காதீர்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் மீதும் புகார் வரலாம். வாடிக்கையாளர் கம்பெனியைப் பார்த்து வாங்குவதில்லை. நம் முகத்தைப் பார்த்தே வாங்குகிறார். அந்த நம்பிக்கையே நம் முதல்.