தஞ்சையிலிருந்து நெதர்லாந்துக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா?

கும்பகோணத்திலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ ஆம்ஸ்டர்டாம், ஐந்தோவன் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பலர், “எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்” என்று இருந்துவிடுகிறார்கள். விசாவுக்குக் கம்பெனி விண்ணப்பிக்கும், சரி. மனைவி, பிள்ளைகளின் சான்றிதழ்களைத் தேடி எடுப்பது உங்கள் வேலை. அதை ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டும்.

என்னென்ன சான்றிதழ்? எல்லோருக்கும் பிறப்புச் சான்றிதழ், உங்களுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ். கல்யாணப் பத்திரிகையும் மண்டப ரசீதும் உதவாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பதியாதவர்கள் உடனே சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பெயர் இருக்கும் இடம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அதில் பெயரைச் சேர்த்து வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய அப்பா பெயர் சான்றிதழில் வெறும் இனிஷியலாக இருந்தால் அதையும் சரிசெய்துவிடுங்கள்.

அசல் இருந்தால் போதாதா? போதாது. அதன்மேல் அப்போஸ்டில் (ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான அரசு முத்திரை) வேண்டும். முதலில் சென்னையில் மாநில உள்துறையின் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. நெதர்லாந்து போன பிறகு இதற்காக ஊரில் இருக்கும் அப்பாவைச் சென்னைக்கு அலைய விடாதீர்கள்.

அங்கே வீடு பார்க்கும்போது, வாடகையைக் கேட்பதற்கு முன்பே ஒன்று கேளுங்கள்: “இந்த முகவரியில் குடும்பத்தோடு பதிய முடியுமா?” நான்கு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் வந்த ஐந்து நாளுக்குள் அந்த ஊர் நகராட்சியில் பதிய வேண்டும். அப்போதுதான் பி.எஸ்.என். (நம் ஆதார் போன்ற எண்) கிடைக்கும். சம்பளம், வங்கி, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றிலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பதிய விடமாட்டேன் என்கிற வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

காப்பீட்டை நான்கு மாதத்துக்குள் எடுக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படைக் காப்பீட்டில் கட்டணம் இல்லை.

பள்ளி? ஐந்து வயதிலிருந்து கட்டாயம், நான்கிலேயே சேர்த்துக்கொள்வார்கள். டச்சு தெரியாத பிள்ளைகளுக்கென்று தனி வகுப்புகள் உண்டு.

அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாமா? சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான். ஆகவே ஊர் வீட்டில் அவர்கள் தனியாகத்தான் இருப்பார்கள் என்று கணக்கு வைத்து, ஏற்பாட்டைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

வயல் என்ன ஆகும்? ஏற்கெனவே உங்கள் பேரில் உள்ள நிலம் உங்களுடையதே. குத்தகை, வங்கி, பட்டா வேலைகளுக்கு நம்பகமான ஒருவருக்குப் பவர் பத்திரம் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரம்) எழுதிக்கொடுங்கள். ஆனால் வெளிநாட்டில் குடியேறிய பின், அந்நியச் செலாவணி விதிகளின்படி இங்கே புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. பக்கத்து வயல் விலைக்கு வருகிறது என்றால், கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.