ஜப்பானிய வகுப்பில் மினமாட்டா

கல்லூரியில் ஜப்பானிய மொழி எடுக்கும் மாணவர் முதல் ஆண்டில் முகமன் சொல்லவும், வழி விசாரிக்கவும், கடையில் விலை கேட்கவும் பழகுகிறார். அது அவசியம்தான். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலும் செர்ரிப் பூ, தேநீர்ச் சடங்கு என்றே பாடம் நகர்ந்தால், வயது வந்த மாணவரின் அறிவை நாம் மதிக்கவில்லை என்று பொருள். இந்தக் கட்டத்தில் சுற்றுச்சூழலைப் பாடத்தின் நடுவில் வைக்க வேண்டும், மினமாட்டாவிலிருந்து தொடங்கலாம்.

கியூஷூ தீவின் மேற்குக் கரையில், குமமோட்டோ மாகாணத்தில் உள்ளது அந்த ஊர். சிஸ்ஸோ நிறுவனம் அங்கே அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தியது. 1932 முதல் 1968 வரை அதன் கழிவு கடலில் சேர்ந்தது. மீன் வழியாக மீதைல் பாதரசம் முதலில் பூனைகளையும், பிறகு மனிதர்களையும், கருவிலிருந்த குழந்தைகளையும் தாக்கியது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு அறிவித்ததோ 1968 செப்டம்பரில். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அவற்றின் தொடர்ச்சியும் விட்டுச்சென்ற எழுத்தைப் பாருங்கள்: மருத்துவர்களின் குறிப்பு, நிறுவனத்தின் மறுப்பு, 1973இல் மாவட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மீனவர்களின் வட்டாரப் பேச்சைத் தாங்கி 1969இல் வெளிவந்த இஷிமுரே மிச்சிகோவின் நூல். ஒரே நிகழ்வைச் சுற்றி இத்தனை மொழிநடைகள் வேறெங்கே கிடைக்கும்?

இலக்கணமும் இங்கே உயிர் பெறுகிறது. 'நகரெரு' என்றால் தானாக ஓடுவது, 'நகசு' என்றால் ஒருவர் ஓடவிடுவது. இத்தகைய வினை இணைகளை மாணவர்கள் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து, அடுத்த தேர்வுக்குள் மறந்துவிடுகிறார்கள். கழிவு கடலுக்கு ஓடியது என்று எழுதுவதற்கும், ஆலை அதைக் கடலுக்கு விட்டது என்று எழுதுவதற்கும் இடையில் இருப்பது பொறுப்பு. அதை உணர்ந்த மாணவருக்கு அந்த இணை மறக்காது.

மொழி ஆசிரியர் வேதியியல் நடத்த முடியுமா என்று கேட்கலாம். நடத்த வேண்டியதில்லை, ஒரு பக்க விளக்கம் போதும், மீதியை அறிவியல் துறை நண்பர் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். பாடம் கடினமாகும் என்பது நியாயமான கவலை. எனவே தீர்ப்பை முழுதாகக் கொடுக்காமல், காலவரிசை, வரைபடம், சிறு சாட்சியம் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஜப்பானைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாகும் என்போருக்கு: பாதரசக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை 2013இல் குமமோட்டோவில் ஏற்கப்பட்டு, மினமாட்டாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதையும் சேர்த்துப் படித்தால் படம் முழுமையாகும்.

வலுவான எதிர்ப்பு வேலைவாய்ப்பிலிருந்து வருகிறது. பெற்றோர் பணம் கட்டுவது வேலைக்காகத்தான். அதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறவரின் மேசைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, ரசாயனப் பாதுகாப்பு, விபத்து விசாரணை பற்றிய தாள்களும் வரும். ரசாயனம் கசிந்ததா, கசியவிட்டார்களா என்பதை அவர் பிசகாமல் எழுதியாக வேண்டும்.