குளியலறையிற் கண்ட புழு

சென்ற மாரிகாலத்தில் ஒருநாட் காலை. குளியலறைக்குச் சென்ற என் இளைய மகள், "அப்பா, புழு!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். சென்று நோக்கினேன். தண்ணீர் வழிந்தோடும் துவாரத்தின் ஓரத்திலே கருநிறமான சிறு புழுக்கள் மூன்று நெளிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணியின் நீளந்தான் இருக்கும்.

வீடு அமளிப்பட்டது. வயிற்றுப் புழுவாய் இருக்குமோ என்று என் துணைவியார் ஐயுற்றார். ஒரு போத்தல் மண்ணெண்ணெயை ஊற்றினால் யாவும் மடியும் என்று அடுத்த வீட்டு மாமி யோசனை கூறினார். "கிணற்றிலிருந்துதான் வந்திருக்கிறது. முழுவதையும் இறைத்துவிடு, மகன்" என்பது என் தாயாரின் முடிவு.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவன். முதலிற் பார், பின்பு பெயரிடு, அதன் பின்னரே செயலில் இறங்கு என்று மாணவர்க்கு நாள்தோறும் சொல்பவன். அதனை வீட்டிலும் செய்து பார்ப்போமென எண்ணி, வெள்ளைப் பீங்கான் கோப்பையொன்றில் நீர் வார்த்துப் புழுக்களை அதிலிட்டு, உருப்பெருக்குக் கண்ணாடியை மகளின் கையிலே கொடுத்தேன்.

"சிறிய தலை இருக்கிறது, அப்பா. கால் இல்லை. வாற்பக்கத்தில் ஒரு சின்னக் குழல் தெரிகிறது" என்றாள்.

அந்தக் குழல் மூச்சு விடுவதற்கானது. தலையும் குழலும் கொண்ட இவை புழுவினத்தைச் சேர்ந்தவையே அல்ல. ஒருவகைச் சிற்றீயின் குடம்பிகள். வளர்ந்த ஈயை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்துப்பூச்சியைப் போல மயிரடர்ந்து, சிறகைக் கூரை போலத் தாழ்த்திக் குளியலறைச் சுவரில் அமர்ந்திருக்கும். அது கடிப்பதில்லை. சவர்க்கார அழுக்கும் தலைமயிரும் சேர்ந்து கழிவுக் குழாயின் உட்புறத்தில் வழுவழுப்பான படையாக ஒட்டிக்கொள்கின்றன. அப்படையே குடம்பிகளுக்கு வீடும் உணவும் ஆகும்.

மண்ணெண்ணெய் அப்படையின்மேல் வழிந்து போய்விடும். நிலத்தடி நீரையும் கெடுக்கும். வெளிற்றும் தூளைக் கரைத்து ஊற்றினாலும் படை எளிதிற் போகாது. நீண்ட தூரிகையினால் குழாயின் உட்புறத்தைத் தேய்த்துப் படையை அகற்றி, சுடுநீர் ஊற்றுவதே தக்க பரிகாரம். அவை அங்கிருந்துதான் வருகின்றனவா என்பதை அறிய, ஒட்டுநாடாவினால் துவாரத்தைச் சிறு இடைவெளி விட்டு இரவில் மூடிவையுங்கள். காலையில் ஈக்கள் நாடாவின் அடியில் ஒட்டிக் கிடக்கும்.

வேறு சிலவற்றையும் நம் வீடுகளிற் காணலாம். தண்ணீர்த் தாங்கியின் அடியில் செந்நிறமாய் எட்டு வடிவில் துள்ளி நீந்துவது, நுளம்பை ஒத்தும் கடியாத பூச்சியொன்றின் குடம்பி. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின் போன்றதொரு பொருளே அதற்குச் செந்நிறம் தருகிறது. தாங்கியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை, அடியிலே சேறு படிந்துள்ளது என்பதை அது நமக்கு அறிவிக்கிறது. நூல்போல மெலிந்து, மண்புழுவைப் போல வளையங்களுடன் சேற்றில் வாழ்வது உண்மையான புழு. அது நம் உடலில் வாழ்வதன்று.

அப்படியாயின் வயிற்றுப் புழு? அதன் வளர்ந்த உரு குடலில் வாழ்வது, குழாயில் வாழாது. அதன் முட்டைகளோ கண்ணுக்குத் தெரியாதவை. அழுக்கடைந்த மண்ணாலும் கைகளாலும் உணவாலும் பரவுபவை. நீரின் வழியாக உடலிற் புகுந்து, காலிலிருந்து முழக்கணக்கான நீளத்தில் வெளிவந்த நரம்புச்சிலந்தியும் கண்ணுக்குத் தெரியாமலே வந்தது. நீரில் வாழும் நுண்ணிய உயிரொன்றே அதன் குடம்பியைச் சுமந்தது. இந்தியாவில் 1996இல் இறுதி நோயாளர் காணப்பட்டார். 2000இல் அந்நாடு அந்நோயினின்று விடுபட்டதென உலகச் சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அவ்வெற்றியிற் பெரும் பங்கு நீரை வடித்த துணிக்கு உரியது.

கிணற்றை இறைக்கவேண்டாமென்று தாயாரைத் தடுத்ததற்குக் காரணம் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் எழுவான்கரை மணலில், நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவு மீறி இறைத்தால் உவர் மேலெழும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கிணறுகளை உப்பாக்கிய பின்னர், அவ்வுப்பைக் கழுவி அகற்றியது பெரும்பாலும் மாரிமழையே.

இவ்வளவும் கூறி முடித்தேன். மகளோ கோப்பையை விட்டு எழவில்லை. "அப்பா, பின்வளவுப் பழங்கிணற்றிலும் புழு இருக்கிறதே?" என்றாள்.

அக்கிணறு உவர்பட்டுப்போனமையால் ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாதது. எட்டிப் பார்த்தேன். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிய நூற்றுக்கணக்கான குடம்பிகள், என் நிழல் பட்டதும் சுழன்று அடியிற் சென்றன. அத்தனையும் நுளம்பின் பிள்ளைகள்!

உவர்நீரில் டெங்கு நுளம்பு பெருகாது என்றே நான் எண்ணியிருந்தேன். வகுப்பிலும் அவ்வாறே கூறியிருக்கிறேன். ஆனால் நம் நாட்டின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் ஆய்ந்தவர்கள் 2011இலேயே உண்மையை வெளியிட்டுள்ளனர். ஆயிரத்தில் 2 முதல் 15 பங்கு உப்புள்ள நீரிலும், வீசியெறிந்த பிளாஸ்டிக் கலங்களிலும் கைவிடப்பட்ட தோணிகளிலும் பாவனையற்ற கிணறுகளிலும், டெங்கைப் பரப்பும் இருவகை நுளம்புகளின் குடம்பிகளும் வாழ்வதை அவர்கள் கண்டனர். கடல்நீரின் உப்போ ஆயிரத்தில் ஏறத்தாழ 35 பங்கு.

இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அடுத்த வீட்டு மாமியின் பேரன் டெங்குக் காய்ச்சலால் வைத்தியசாலையிற் கிடந்து பிழைத்து வந்திருந்தான். எங்கள் கிணற்று நுளம்புதான் அவனைக் கடித்ததென்று எவரும் நிறுவ இயலாது. இல்லையென்று சொல்லவோ என் மனம் இடந்தரவில்லை. தீங்கற்ற மூன்று ஈக்குடம்பிகளுக்காக வீடே கலங்கியது. நஞ்சைச் சுமக்கக்கூடியவற்றை எங்கள் வளவிலேயே வளர்த்து வந்தோம்.

அன்று மாலையே மாமியிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "வலை போட்டு மூடிவிடுங்கள், சேர்" என்று மட்டும் கூறினார். மறுநாள் நுண்கண் வலையை இறுகக் கட்டிக் கிணற்றை மூடினோம். கப்பி மீன் விடுவதும் பயன் தரும்.

முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகையால் கிழமைக்கொரு முறை பூச்சாடித் தட்டு, வாளி, சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றிலுள்ள நீரைக் கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. கலத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும் உயிர் பிழைக்கும். எனவே சுவரைத் தேய்த்துக் கழுவுவது அவசியம்.

மாணவ நண்பர்களே, ஒரு வெள்ளைக் கோப்பையும் உருப்பெருக்குக் கண்ணாடியும் போதும். ஞாயிறுதோறும் கால்மணி நேரம் உங்கள் வளவைச் சுற்றி வாருங்கள். என் மகள் இப்பொழுது மாமியின் பேரனையும் அழைத்துக்கொண்டு இரண்டு வளவுகளையும் பார்த்து வருகிறாள்.